என் துண்டு செய்த வேலைநிறுத்தம்

தலைதீபாவளிக்குப் போகிற மாப்பிள்ளை அதிரசத்தைத் தின்றோமா, புது வேட்டியைக் கட்டினோமா என்று கிடக்க வேண்டும். எனக்கு ஊர் வரலாறு வேண்டியிருந்தது. சென்னையில் அரசு அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிறவன்தான் நான். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கத்து நிலப் போராட்டங்களைப் பத்திரிகையில் படித்துவிட்டு டீக்கடையில் பொளந்து கட்டுவேன். வலங்கைமானில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மாமனாரைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க ஊருக்குன்னு ஒரு வரலாறு இருக்குமே, மாமா?"

"வரலாறா? நெல்லு இருக்கு, கொசு இருக்கு. வாங்க மாப்ள, சாப்பிடலாம்."

மாமனார் ஆளுங்கட்சிக் கரைவேட்டிக்காரர். மேடையேறிச் சமத்துவம் பேசினால் அவருக்கு மைக் தேவையில்லை. வாய்க்கால் ஓரம் அவருடைய குறுவை நெல் முற்றி நின்றது. வானமோ கறுத்துக்கொண்டு வந்தது. மழை கொட்டினால் கதிர் சாய்ந்து தண்ணீரிலேயே முளைத்துவிடும், வருஷப் பாடு மண்ணாகிவிடும். மறுநாளே அறுத்துவிட ஆள் சொல்லியிருந்தார்.

விடிந்ததும், வெந்நீர் போடவா என்று கேட்ட மாமியாரிடம் "வாய்க்காலே போதும் அத்தை" என்று வீரம் பேசிக் கிளம்பினேன். குளித்துவிட்டு வருகையில் வரப்பில் வழுக்கி விழுந்தேன். திரும்பவும் குளித்து, பாண்டி பஜாரில் ஆசைப்பட்டு வாங்கிய சிவப்புத் துண்டைச் சேறு போக அலசினேன். அதைக் காயப்போட இடமில்லை. கிடந்த மூங்கில் கழியொன்றை வயலோரம் ஊன்றித் துண்டைக் கட்டினேன். அது காற்றில் படபடத்த அழகை நின்று ரசித்துவிட்டு வேறு வந்தேன்.

இட்லியில் பாதிதான் முடிந்திருக்கும். பக்கத்து வயல்காரர் வாசலில் வந்து கத்தினார். "உங்க வயல்ல கொடி நட்டுட்டாங்கய்யா!"

மாமனார் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். ஆகா, போராட்டம் என்ற பூரிப்பில் நானும் ஓடினேன். மாப்பிள்ளைக்கு இட்லி விக்குமே என்று தண்ணீர்ச் செம்பும், சீராக எனக்கு வாங்கி வைத்திருந்த வெள்ளி டம்ளருமாக மாமியார் பின்னாலேயே வந்தார்.

அந்தப் பக்கத்தில் வயலில் சிவப்புக் கொடி நின்றால், பேசி முடிக்கும்வரை ஒருவரும் அரிவாள் வைக்க மாட்டார்கள். நட்டவர்கள்தான் பிடுங்க வேண்டும். அறுப்பு ஆட்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் சங்கத்தார் யாரோ நட்டிருப்பதாக அவர்கள் நினைத்தார்கள். அவர்களே நட்டதாக மாமனார் நினைத்தார். கழியில் பறந்தது என் துண்டு.

"மாமா, அது வந்து..."

"நீங்க சும்மா இருங்க மாப்ள. உங்களுக்கு இதெல்லாம் புரியாது." அவர் ஆட்கள் பக்கம் திரும்பினார். "ஏன்யா, நான் என்ன குறை வச்சேன்?"

காரணம் தெரியாததால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வெளியூர் ஆளைக் கொண்டுவந்து அறுத்த வருஷம், அந்த லாரியை மறித்துப் படுத்தது, குடிசையைக் காலி பண்ணச் சொன்னது, போலீசுக்குப் பயந்து மூங்கில் தோப்பில் கிடந்தது என்று ஊர் வரலாறு மடை திறந்து கொட்டியது. எனக்குக் கொசுவைக் காட்டிய மாமனாரே, "அன்னைக்கு உங்களுக்காகத் தாசில்தார்கிட்டப் பேசுனது யாரு?" என்று பதிலுக்கு வரலாறு பேசினார். நான் நடுவில் வாயைத் திறந்து திறந்து மூடினேன்.

கடைசியில் ஆட்களுக்குத் தலைமை தாங்கி வந்த பெண் எழுந்தாள். "அதெல்லாம் பழசுய்யா. நேத்து அறுப்பு பேச வந்தப்ப உங்க கொல்லையில தண்ணி கேட்டேன். செம்பைத் தூக்கிப் பிடிச்சு என் கையில ஊத்துனாங்க. மேடையில மட்டும் எல்லாரும் ஒண்ணுங்குறீங்க. கொடி அதுக்குத்தான்னு வச்சுக்குங்களேன்."

தூரத்தில் இடி உருண்டது. எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய்க் கழியைப் பிடித்தேன். "கையை எடு!" என்று வரப்பே எழுந்து நின்றது. நிலத்துக்காரர் வீட்டு ஆள் கொடியைத் தொட்டால் என்ன ஆகும் என்ற பாடமும் அன்றுதான் படித்தேன். அத்தனை அரிவாளும் என் பக்கம் திரும்பியிருந்தன.

"ஐயோ, இது என் துண்டுங்க! குளிச்சுட்டுக் காயப்போட்டேங்க!"

அந்தப் பெண் கிட்டே வந்து துண்டை அவிழ்த்து முகர்ந்து, கூட வந்த பெண்கள் பக்கம் திரும்பினாள். "சந்தன சோப்புடி" என்றாள். வரப்பு முழுக்கச் சிரித்தது. மாமனார் என்னைப் பார்த்த பார்வையில், சீர் அத்தனையும் கடைக்கே திரும்பிப் போயிருக்கும்.

"அப்புறம் என்ன, இறங்குங்க" என்றார் ஆட்களிடம்.

அவள் இறங்கவில்லை. "துண்டு மாப்ளையோடதுதான்யா. நான் சொன்னது என்னோடதுல்ல?"

சிரிப்பு நின்றது. மாமனார் வானத்தைப் பார்த்தார். பிறகு மாமியார் கையிலிருந்த வெள்ளி டம்ளரை வாங்கி, நிரப்பி, தானே அவளிடம் நீட்டினார். மழைக்குப் பயந்து நீட்டினாரா, மனசாரவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. உதட்டில் வைத்து, அவசரப்படாமல் குடித்தாள். என் துண்டால் வாயைத் துடைத்து, அதையே தலையில் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு வயலில் இறங்கினாள்.

கடைசிக் கட்டு களத்துக்குப் போய்ச் சேரவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. ஊரையே திருத்திவிட்ட மிதப்பில் சாப்பிட உட்கார்ந்தேன். எனக்கு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வந்தது.

"வெள்ளி டம்ளர் எங்க, அத்தை?"

"கொல்லை மாடத்துல தனியா வச்சிருக்கேன் மாப்ள. இனிமே அது அவளுக்குத்தான்" என்றார் மாமியார், என் சோற்றில் இன்னொரு கரண்டி நெய் விட்டபடி.