பிற்பகலில் உறையும் படம்

இணைய மோடத்தின் முதுகில் புறங்கையை வைத்துப் பார்க்கிறார் திரையக்கா. குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல் அவ்வளவு மெதுவாக. பிறகு அதே கையைத் தன் கழுத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்கிறார். "சுடத்தான் செய்யுது. ஆனா காய்ச்சல்னு சொல்ல முடியாது," என்கிறார். உதட்டோரம் கடித்திருக்கும் குண்டூசிகளுக்கு நடுவே புகுந்து வருவதால் அவர் சொற்கள் எல்லாமே கொஞ்சம் இடுக்கிப் பிடித்தவைபோல் ஒலிக்கும்.

ஜன்னல் திரைகள் தைப்பது அவர் தொழில். அறையின் குறுக்கே கம்பிகள் கட்டி, தைத்ததும் தைக்காததுமாய் நீளத் துணிகளைத் தொங்கவிட்டிருப்பார். மின்விசிறி சுழன்றால் அத்தனையும் மூச்சு வாங்கும். அவரைப் பார்க்க வேண்டுமானால் குரல் வரும் திசையில் துணிகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு துணியைக் கடக்கும்போது உலகம் மஞ்சளாக இருக்கும், அடுத்ததில் கடல்நீலம். கடைசித் துணிக்குப் பின்னால் தையல் இயந்திரம், அதன் பக்கத்தில் அலமாரி, அலமாரி மேல் அந்த மோடம்.

வயதில் அவர் எனக்கு இளையவர். ஆனாலும் தெருவே அக்கா என்பதால் எனக்கும் அக்கா. அவருக்கோ நான் அண்ணன். கீழ்வீட்டில் உட்கார்ந்து அச்சுப்பிழை திருத்திக்கொண்டிருக்கும் என்னை இந்த உறவுக் குழப்பம் ஒருநாளும் தொந்தரவு செய்ததில்லை.

நம்மோடு பேசும்போது அவருடைய கைகள் சும்மா இருக்காது. "பால்காரர் வந்தாரா?" என்று கேட்பதற்குள் விரல்கள் ஒருமுறை பால் கறந்து, ஒரு ஆள் நடந்து வந்து, புருவம் கேள்விக்குறியாகிவிடும். காரணம் தங்கை. பிறவியிலேயே காது கேளாதவர். இருவரும் சின்ன வயதில் கையாலேயே பேசி வளர்ந்தவர்கள். பள்ளியில் கற்ற சைகை பாதி, போர்வைக்குள் தாங்களாகவே கட்டிக்கொண்டது பாதி. இப்போது தங்கை தொலைதூர ஊரொன்றில் கணவனோடு இருக்கிறார். வயிற்றில் பிள்ளை. மாதம் நெருங்கிவிட்டது. "மத்தவங்களுக்கு நெட்டு போனா போன்ல பேசிக்குவாங்க. எங்களுக்குப் படம் போச்சுன்னா பேச்சே போச்சு," என்பார் அக்கா.

அந்தப் படம்தான் பிற்பகலானால் போய்க்கொண்டிருந்தது. காலை வீடியோ அழைப்பில் தங்கை தெளிவாக இருப்பார். கன்னத்து மச்சம்வரை தெரியும். வெயில் சாயத் தொடங்கியதும் அவர் முகம் சிறுசிறு சதுரங்களாகச் சிதறும். கைகள் நீரில் கரைவதுபோல் கரையும். கடைசியில் எல்லாமே அப்படியே நிற்கும். பாதிச் சொல்லில், காற்றில் உயர்ந்த கையோடு, இமைகள் பாதி மூடியபடி. அந்த நேரங்களில் அக்கா தையலை நிறுத்திவிட்டு, அந்தப் பாதிச் சொல் எதுவாக வளர்ந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். துணிகள் அசையும், வெளிச்சம் அசையும், தங்கை மட்டும் அசையமாட்டார். தூங்குகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும் அந்த அறை.

அக்கா சந்தேகப்படாத பொருளில்லை. மோடத்தை அலமாரியின் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்கினார். பிறகு ஜன்னலோரம் வைத்து, "காத்தாடட்டும்," என்றார். பலனில்லாமல் அது பழையபடி அலமாரிக்கே திரும்பியது. ஒருநாள் படியிறங்கி வந்து என் வாசலில் நின்று, "அண்ணே, உங்க வீட்ல இப்ப ஏதாவது ஓடுதா?" என்று கேட்டார். துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். மேலே போனவர், "இல்லண்ணே, அது பாவம், நிரபராதி. ஓட விடுங்க," என்று படிக்கட்டிலிருந்தே குரல் கொடுத்தார்.

அவர் வீட்டுக்காரர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். எந்த நோய்க்கும் அவரிடம் ஒரே மருந்துதான்: "அணைச்சுட்டுத் திரும்பப் போடு." அக்காவுக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "ஊர்ல உள்ள மெஷினையெல்லாம் அணைக்கச் சொல்றாரு. கட்டின பொண்டாட்டியை அணைக்கணும்னு மட்டும் ஞாபகம் வரல," என்பார். மனிதர் காது மடல் சிவக்கச் செய்தித்தாளுக்குள் போய்விடுவார். கடைசியில் நிறுவனத்துக்கே போன் செய்தார் அக்கா. காத்திருப்பு இசையைக் கேட்டுக்கேட்டு அது மனப்பாடமாகி, தைக்கும்போது அதையே முணுமுணுக்கத் தொடங்கிய பிறகுதான் ஒரு பெண்குரல் கிடைத்தது. "மேடம், மோடத்தை ஒரு தடவை அணைச்சுட்டுத் திரும்பப் போடுங்க," என்றது அந்தக் குரல். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "நான் சொல்லல?" என்றது இன்னொரு குரல். அன்று முழுவதும் அந்த வீட்டில் தையல் இயந்திரம் மட்டுமே பேசியது.

கேபிள்காரர் வந்தார். காலையில் வந்தார். மோடத்தின் விளக்குகள் எல்லாம் மரியாதையாக எரிந்தன. "நான் வந்தா எல்லாம் ஒழுங்கா இருக்கும்க்கா. என் பிள்ளைங்களும் இப்படித்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார். மறுபடி அழைத்தபோதும் காலையில்தான் வந்தார். மறுபடியும் நல்லபிள்ளையாக இருந்தது மோடம்.

பிறகு அந்தப் பிற்பகல். பிரசவத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா அங்கே போய் உடனிருக்க வேண்டுமா என்பது பேச்சு. தங்கை கையை வயிற்றில் வைத்தார், பிறகு அக்காவைச் சுட்டினார், பிறகு ஏதோ சொல்லக் கையை எடுத்தார். படம் நின்றது. உள்ளங்கை வெளிப்பக்கம் பார்த்து நிமிர்ந்திருந்தது. முகம் ஒருபக்கமாகத் திரும்பியிருந்தது. அவர்கள் பாஷையில், கையை நெஞ்சை நோக்கி இழுத்தால் 'வா'. உள்ளங்கையைக் காட்டி முகத்தைத் திருப்பினால் 'வேண்டாம்'.

வெகுநேரம் அது அப்படியே இருந்தது. பிறகு திரை கறுத்துப்போனது.

மறுநாள் மொட்டைமாடிக்குத் துணி உலர்த்தப் போனபோது அக்காவைப் பார்த்தேன். நனைந்த திரைச்சீலை ஒன்றைக் கொடியில் போட்டுவிட்டு அதற்குள்ளேயே நின்றிருந்தார். அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"வேண்டாம்ங்குறாண்ணே," என்றது துணி.

"முழுசாச் சொல்லி முடிச்சாளா?"

"முகத்தைத் திருப்பிக்கிட்டா. இன்னும் என்ன முடிக்கணும்?"

"எழுதிக் கேக்கலாமே அக்கா."

"எழுத்துல அவ தந்தி மாதிரி. 'நெட் சரியா?'ன்னு கேட்டா. 'இல்ல'ன்னு போட்டேன். 'சரி'ன்னா. அவ்வளவுதான். நீ வேணும்னு கூப்பிடாத எடத்துக்கு, நான் வரட்டுமான்னு எப்படிண்ணே எழுதுறது? தூக்கி வளத்தவதான். அதுக்காக வாசல்ல போய் நிக்க முடியுமா?"

கொடியில் துணி ஒருமுறை உப்பி அடங்கியது.

அதற்குப்பின் காலையிலும்கூட அவர் தங்கையை அழைக்கவில்லை. யார் கேட்டாலும் "நெட்டு சரியில்ல," என்றார். நிறுவனத்துக்குப் போன் செய்வதும் நின்றுவிட்டது. வீட்டுக்காரர் தாமாகவே மோடத்தை அணைத்துப் போட எழுந்தபோது, "விடுங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்று கையைப் பிடித்து நிறுத்தினாராம். லைன் கெட்டிருக்கும்வரை பழியை லைன்மேல் போடலாம். சரியாகிவிட்டால் அப்புறம் எதன்மேல் போடுவது? இதை அவர் சொல்லவில்லை. ஆனால் தினமும் மோடத்தின் முதுகைத் தொட்டுப் பார்க்கும் கை, அந்த நாட்களில் அலமாரிப் பக்கம் போகாததை நான் கவனித்தேன்.

கேபிள்காரர் தாமாகவே வந்தது ஒரு வெயில் சாயும் வேளையில். பக்கத்துத் தெருவில் ஏதோ வேலையாம். மேலே வரும்போது என்னையும் பேச்சுக்கொடுத்து அழைத்து வந்துவிட்டார்.

"இன்னைக்கு வேண்டாமே. தலைக்குமேல வேலை கெடக்கு," என்றார் அக்கா, இயந்திரத்திலிருந்து நிமிராமல்.

"சரிக்கா. குடிக்கக் கொஞ்சம் தண்ணி மட்டும் குடுங்க."

தண்ணீரை அண்ணாந்து ஊற்றிக்கொண்டிருந்தவரின் பார்வை அலமாரிக்குப் போனது. அதுவரை பச்சையாய் எரிந்துகொண்டிருந்த விளக்கு சிமிட்டத் தொடங்கியது. மனிதருக்குப் புரையேறிவிட்டது.

"அக்கா! லைன் விழுது! என் கண்ணு முன்னாடியே விழுது!" நெடுநாள் தேடிய திருடனைக் கடைத்தெருவில் பார்த்துவிட்டவர்போல் அவர் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியைப் பார்த்துக்கொண்டு யாராலும் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

வயரைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். அலமாரிக்குப் பின்னால், ஜன்னல் சட்டத்தின் ஓட்டை வழியே, மேற்குச் சுவர்மேல் ஏறி, மாடியின் கைப்பிடிச் சுவருக்கு அடியில் இருந்த சின்னப் பெட்டிக்குள் போயிற்று அது. நான் உள்ளே நின்று விளக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அக்கா மாடிப்படியில் நின்று என் குரலை அவருக்குக் கடத்தினார். பழக்கதோஷத்தில் கையாலும்.

பெட்டிக்குள் ஒரு ஸ்ப்ளிட்டர் இருந்தது. ஒரு வயரை இரண்டாகப் பிரித்துவிடும் சிறு உலோகத்துண்டு. ஒரு கிளை அக்கா வீட்டுக்கு. இன்னொன்று, எப்போதோ இடிக்கப்பட்டுவிட்ட ஒரு மாடியறையைத் தேடிப் போய், வழியில் வெறும் நுனியாகக் காற்றில் தொங்கியது. "ஆளில்லாத வீட்டுக்கு இத்தனை நாளாப் பேச்சுப் போயிட்டிருக்கு பாருங்க," என்றார் கேபிள்காரர். அக்கா வீட்டு வயரின் முனையோ பச்சைக் களிம்பு பூத்து, திருகு தளர்ந்திருந்தது. காலையில் அந்தச் சுவர் நிழலில் இருக்கும். பிற்பகலில் வெயில் ஏறியதும் உலோகம் சூடாகி, தளர்ந்தது இன்னும் கொஞ்சம் தளரும். அவ்வளவுதான்.

அவர் பழைய முனையை வெட்டி எறிந்து, புதிதாக ஒன்றைப் பொருத்தி, ஸ்ப்ளிட்டரையே கழற்றிவிட்டு நேராக இணைத்தார். கீழே விளக்கு சிமிட்டுவதை நிறுத்திப் பச்சையாயிற்று. "சிமிட்டுறது நின்னுடுச்சு!" என்று கத்தினேன். மாடிப்படியிலிருந்து அந்தச் சொல் மேலே போகச் சற்றுத் தாமதமானது.

"யாருக்காவது வீடியோ போட்டுப் பாருங்கக்கா. இந்த வெயில்ல லைன் விழாம நிக்குதான்னு பாத்துட்டுத்தான் போவேன்," என்றார் கீழே இறங்கி வந்த கேபிள்காரர், கைகளைத் துடைத்தபடி.

"யாருக்குப் போட?"

"தினம் பேசுறவங்களுக்கே போடுங்க. அதுதான் சரியான டெஸ்ட்டு."

அக்கா என்னைப் பார்த்தார். வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிமெத்தையில் குத்தினார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அதற்குமேல் துடைக்க எதுவும் இல்லாததால் அழைத்தார்.

தங்கை வந்தார். மச்சம்வரை தெரிந்தது. பிறகு அக்கா கேட்டார். நிமிர்ந்த உள்ளங்கை, திரும்பிய முகம், உயர்ந்த புருவம். அன்றைக்கு அப்படிச் சொன்னாயே என்ற கேள்வி.

தங்கைக்குப் புரியவில்லை. யோசித்தார். சட்டென்று வாய் பிளந்து சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், உடம்பு முழுவதும் குலுங்கச் சிரித்தார். இரண்டு விரலால் கன்னத்தில் மீசை இழுத்துக் காட்டினார்.

அக்காவின் கை தொடையில் விழுந்தது. "பூனையாம்ணே," என்றார் எங்கள் பக்கம் திரும்பாமலே. "அடுப்படியில பூனை வந்து பால் சட்டில வாய வைக்கப் போச்சாம். அதைப் போன்னு வெரட்டினாளாம். பாவி மக, பூனைக்குச் சொன்னதை எனக்குச் சொன்னதா..." குரல் பாதியில் நின்றுவிட்டது. லைன் நிற்கவில்லை.

திரையில் தங்கை அன்றைய வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். வயிறு. நீ. பிறகு இரண்டு கைகளையும் நீட்டி, நெஞ்சை நோக்கி இழுத்தார். போதவில்லைபோல, மறுபடியும் இழுத்தார். எனக்கும் கேபிள்காரருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"எப்ப வர்றேன்னு கேக்குறா," என்றார் அக்கா. ஆனால் கைகளால் பதில் சொல்லவில்லை. எழுந்து துணிகளுக்குள் நுழைந்து மறைந்தார். தங்கை காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளிம்பில் நீலத்துணி ஒன்று அசைந்துகொண்டிருந்தது. கட்டிலுக்கு அடியில் எதையோ இழுக்கும் சத்தம். திரும்பி வந்த அக்காவின் கையில் வெட்டுத்துணிகள் பிதுங்கி வழியும் பழைய பயணப்பை இருந்தது. கேமராவுக்கு முன்னால் அதைத் தலைகீழாகப் பிடித்து, ஒரு துண்டுகூட மிச்சமில்லாமல் உதறினார்.