கோர்ட்டில் கேட்ட என் குரல்

லோடு ஆட்டோ வாங்கிய பேங்க் கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது, கடனைக் குறைத்து முடித்துத் தருகிறோம் என்று ஒரு கம்பெனி போன் செய்தது. பேங்குக்குக் கட்டாதீர்கள், எங்களுக்குக் கட்டுங்கள் என்றார்கள். நெல் அறுப்பு மெஷினோடு ஊர் ஊராகப் போய்ச் சம்பாதித்ததையெல்லாம் கட்டினேன். அவர்கள் பேங்கோடு பேசவே இல்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் வைத்து பேங்க்காரர்கள் வண்டியை எடுத்துப் போனார்கள்.

கட்டியதைத் திரும்பக் கேட்டு, செங்கல்பட்டு நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் போட்டேன். கம்பெனி வக்கீல் ஒரு ரெக்கார்டிங்கைப் போட்டார். திருமுக்கூடல் வயலில், மெஷின் இரைச்சலுக்கு நடுவே நான் போனில் பேசியது. கம்பெனிப் பெண் நிபந்தனைகளை மளமளவென்று படிக்கிறாள். கட்டிய பணம் திரும்பாது. "சரிங்க மேடம்." வண்டி போனால் கம்பெனி பொறுப்பில்லை. "சரிங்க மேடம்." அன்றைக்குப் பாதி காதில் விழவே இல்லை. அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவளை நிறுத்தி, திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

"இது உங்க குரல்தானா?" என்றார் நீதிபதி.

"என்துதாங்கய்யா. ஆனா மெஷின் ஓடிக்கினு இருந்துச்சு, ஒண்ணும் கேக்கல."

"கேக்காமலேயா இத்தினி சரி போட்டே?" என்று வக்கீல் சிரித்தார்.

ரெக்கார்டிங் இன்னும் ஓடியது. "நாஷ்டா ஆச்சா மேடம்?" என்று கேட்கிறேன். கோர்ட்டே சிரித்தது.

கேஸ் தோற்றுவிட்டது. ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. அவள் "ஆச்சுண்ணா" என்று சொன்னதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் முதல் தவணையைப் போட்டேன். ரெக்கார்டிங்கில் அப்படி ஒரு பதிலே இல்லை. அவள் அடுத்த நிபந்தனையைப் படித்தாள். அதற்கும் நான், சரிங்க மேடம் என்றேன்.