விண்கலத்துக்குள் ஒரு பங்கர்

வேலை முடிந்து அச்சுவேலி பஸ்ஸில் இருக்கை கிடைத்ததே பெரிய விஷயம். களைப்பில் செவ்வாய்க்குப் போகும் விண்கலம் பற்றிய வீடியோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூரியக் கதிர்வீச்சு கூடினால் அதில் போகும் நாலு பேரும் நடுவிலுள்ள சின்ன அறைக்குள் ஒடுங்கிக் கிடக்க வேண்டுமாம். கதிர்களைத் தடுக்கச் சுற்றிவரத் தண்ணீரும் சாப்பாட்டுப் பொதிகளும்.

பக்கத்து இருக்கை அக்கா எட்டிப் பார்த்தார்.

"உது பங்கரெல்லோ தம்பி?"

"ஓம் அக்கா, அப்பிடித்தான்."

"வாசலடியிலை ஆர் இருக்கிறது?"

"அதைச் சொல்லேல்லை."

"சண்டை நேரம் வளவுக்கை வெட்டின எங்கடை பங்கரிலை அப்பாதான் வாசலடியிலை இருந்தவர். ஷெல் துண்டு வந்தால் முதல் தனக்குப் படட்டும் எண்டு."

அடுத்த தரிப்பில் அவர் இறங்கிவிட்டார்.

வீடியோவை மறுபடி பார்த்தேன். கதவின் தடிப்புக்கூடச் சொல்கிறார்கள். கதவடியில் யார் என்பது மட்டும் இல்லை.

உங்கள் வீட்டுப் பங்கரில் வாசலடியில் யார் இருந்தது?