இளையவளுக்கென்று விழுந்த துரியன் பழங்கள்

குற்றாலத்துத் தோட்டத்தில் என் மாமனார் அந்தத் துரியன் கன்றை நட்டபோது நான் கல்யாணமாகி வந்த புதுசு. வெயில் பட்டால் வாடிவிடும் என்று வாழைகளுக்கு நடுவே வைத்தார். கோடையில் தென்காசி வீட்டைப் பூட்டிவிட்டுத் தோட்டத்திலேயே போய்த் தங்குவோம். வாய்க்காலிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் எடுத்து அதற்கு ஊற்றியது நான். மூத்தவன் வயிற்றில் இருந்தபோதும் ஊற்றினேன். அடுத்தடுத்து நாலு பிள்ளை பெற்றேன். மரமும் ஓங்கி வளர்ந்தது, பூக்கத்தான் இல்லை.

பிறகு என் கொழுந்தனுக்குச் செங்கோட்டையில் பெண் எடுத்தார்கள். அவள் வந்த மறுவருசம், கிளைகளை ஒட்டிக் கொத்துக் கொத்தாக மரம் பூத்தது.

"சின்னவ வந்த ராசி" என்றார் மாமனார்.

குடம் சுமந்த என் இடுப்பை யாரும் நினைக்கவில்லை.

வருசங்கள் போயும் அவளுக்குப் பிள்ளை இல்லை. துரியன் தின்றால் பிள்ளை உண்டாகும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. ஆகவே பழம் எல்லாம் இளையவளுக்கு என்று மாமனார் சொல்லிவிட்டார். அந்தப் பழத்தைப் பறிக்கக் கூடாது, பழுத்துத் தானாக விழ வேண்டும். சாரல் காலத்தில் மரத்தடியில் வைக்கோல் பரப்பிவிட்டு, முள்ளுப்பழம் தலையில் விழாதபடி தள்ளி உட்கார்ந்து காத்திருப்பார். பழம் வண்டியில் தென்காசிக்கு வரும். வண்டி தெருமுனை திரும்பும்போதே வாடை வீட்டுக்குள் நுழைந்துவிடும். பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு மட்டும் நாக்கில் நீர் ஊறும்.

"உனக்கு எதுக்குட்டி? நீ மூச்சுவிட்டாலே பிள்ளை வருது" என்று மாமியார் சிரிப்பாள்.

சுளைகளைத் தட்டில் வைத்து இளையவள் அறைக்கே கொண்டு கொடுப்பாள். கதவு சாத்தப்படும். என் நெஞ்சு பற்றி எரியும். பிள்ளை இல்லாதவளைப் பார்த்துப் பிள்ளைக்காரி பொறாமைப்படுவாளா என்று கேட்பீர்கள். நான் பட்டேன்.

ஒரு மத்தியானம் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். இளையவள், என் ஓரகத்தி, முந்தானைக்குள் தட்டை மறைத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, யாருகிட்டயும் சொல்லிராதீங்க. இது தொண்டைக்குள்ள இறங்க மாட்டேங்குது. நேத்துத் தின்னத கெணத்தடியில வாந்தி எடுத்துட்டேன்."

"அதுக்கு?"

"நீங்க தின்னுருங்க. இல்லன்னா மாட்டுக்குத்தான் போடணும்."

மாட்டுக்கு ஒரு படி மேலே நான்! எரிச்சல் வந்தது. ஆனாலும் கையைக் கழுவிவிட்டுத் தட்டை வாங்கினேன்.

"எப்படிக்கா இருக்கு?"

"நெய் ஒழுகுத அல்வா மாதிரி இருக்குட்டி. கடைசியில லேசா ஒரு பூண்டு வாசம்."

அந்தப் பருவம் முழுக்க அவள் பழத்தைத் தொழுவத்தில் நின்று நான்தான் தின்றேன்.

மறுவருசம், பர்மாவில் குண்டு விழுந்த பிறகு வந்த பருவத்தில், காற்றில் பூவெல்லாம் உதிர்ந்து மரம் காய்க்கவே இல்லை. அந்த வருசம்தான் அவள் உண்டானாள்.

"போன வருசம் தின்னது இப்பம் வேலை செய்யுது" என்று மாமனார் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வாயைத் திறந்தால் இரண்டு பேருக்கும் வசவு கிடைக்கும் என்று நானும் பேசாமல் இருந்தேன்.

ஆண் பிள்ளை பிறந்தது. கீழப்பாவூரிலிருந்தெல்லாம் பெண்கள் பழத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டு வந்தார்கள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவள் சொல்வது அடுப்படிக்குக் கேட்டது: "நெய் ஒழுகுத அல்வா மாதிரி இருக்கும். கடைசியில லேசா ஒரு பூண்டு வாசம்."

என் நாக்கின் ருசியையும் எடுத்துக்கொண்டாளே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

அடுத்த பருவத்தில் பழ வண்டி வந்ததும், அதுவரை மாமனார் முன்னால் வாய் திறக்காத நான் நேரே போய் நின்றேன்.

"மாமா, எனக்கு ஒரு பழம் வேணும்."

"இன்னும் பிள்ளையா?"

"இல்ல மாமா. திங்கதுக்கு."

அவர் வண்டியில் இருந்ததிலேயே பெரிய பழமாக எடுத்துத் தந்தார்.

முற்றத்தில் எல்லாரும் பார்க்க உட்கார்ந்து பிளந்தேன். ஓரகத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"ஒரு சுளை தாங்கக்கா. இப்பம் பிடிக்குதான்னு பாக்கேன்."

"தள்ளிப் போட்டி அங்கன" என்றேன்.