அக்கா பிடித்த ஏழரை

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இந்த வாரத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அக்காவோடு கல்லூரியில் படித்த பிள்ளைகளுக்கும் வணக்கம். நான் அவருடைய ஒரே தங்கை. புனேயில், ஏரவாடாவில் இட்லி மாவுக்கடை வைத்திருப்பவள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பேசித்தான் பழக்கம். "சுருக்கமா எழுது, யாரையும் அழ வைக்காத" என்று அத்தான் சொல்லியிருக்கிறார். சுருக்கம் எனக்கு வராது. ஆனால் அழ வைக்க மாட்டேன். அக்காவின் கடைசி நான்கு வருடங்கள் எங்கள் குடும்பம் அதுவரை பார்த்திராத கொண்டாட்டம். அதை மூக்கைச் சிந்திக்கொண்டே எழுதினால் அவர் எழுந்து வந்து என்னைத் திட்டுவார்.

அக்கா பிறந்தது அம்பாசமுத்திரத்தில். அவருக்கு மூன்று வயதாகும்போது அப்பாவுக்கு ராணுவத் தொழிற்கூடத்தில் வேலை கிடைத்துக் குடும்பம் தாபோடிக்கு வந்தது. நான் இங்கே பிறந்தவள். அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்கோடு தேறினார். கல்லூரிக்கு விண்ணப்பப் பாரம் வாங்கிவந்த வாரத்தில் அம்மா படுத்த படுக்கையானார். எனக்கு அப்போது ஒன்பது வயது. பாரம் பீரோவுக்குள் போனது, அக்கா அடுப்படிக்குள் போனார். அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்து, எனக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பி, அப்பாவுக்கு டப்பா கட்டினார். பிறகு கல்யாணம், ஒரு மகன், போசரியில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் இருபது வருட வேலை. எந்தத் தட்டில் எந்த போல்ட் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவரிடம் வேலை கற்றவர்கள் இன்சார்ஜ் ஆனார்கள். அக்காவுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் "உங்களுக்கு டிகிரி இல்லையே" என்றார்கள். அவர் யாரிடமும் முகம் சுளித்ததில்லை. அவருக்கும் சேர்த்து நான்தான் அந்தக் கம்பெனியைத் திட்டித் தீர்த்தேன்.

மகன் படித்து முடித்து வேலைக்குப் போன வருடம் அக்கா வேலையை விட்டார். அத்தானிடம் கூடச் சொல்லாமல் ஒரு கல்லூரிக்குப் போய் பி.ஏ. சமூகவியலுக்குப் பாரம் வாங்கிவந்தார். அவருக்கு வயது நாற்பத்தெட்டு. பாரத்தைக் கொடுத்த அலுவலகக்காரர் "பிள்ளைக்கா?" என்று மராத்தியில் கேட்டாராம். "பிள்ளைக்கு ஆயிட்டு, இது எனக்கு" என்று அக்கா சொன்னாராம். என் கடையில் வந்து அதைச் சொல்லும்போது, பத்து நாளாய்ப் பட்டினி கிடந்தவருக்கு இலை போட்டதுபோல அவர் முகம் இருந்தது.

இப்போதெல்லாம் டிகிரி என்பது பழைய டிகிரி இல்லை, அதில் எத்தனையோ வகை வந்துவிட்டது என்று அவர்தான் எனக்கு விளக்கினார். மாவு அள்ளிக்கொண்டே கேட்டேன். "நீ காசர்வாடில லோக்கல் ஏறுதன்னு வச்சுக்க. ஒரு வருசம் படிச்சா தாபோடி, சர்டிபிகேட். ரெண்டு வருசம் கட்கி, டிப்ளமா. மூணு வருசம் சிவாஜிநகர், டிகிரி. நாலு வருசம் புனே ஸ்டேஷன், ஹானர்ஸ். எங்க வேணாலும் இறங்கிக்கலாம்ட்டி, அதுக்கு உண்டான பேப்பரைக் கையில குடுத்துருவாங்க."

"நீ எங்க இறங்கப் போற?"

"சிவாஜிநகர் போதும். அதுக்கு மேல இந்த முட்டி தாங்காது."

அந்த முட்டியோடுதான் மூன்று மாடி ஏறி இறங்கினார். வகுப்பில் இருந்தவர்களெல்லாம் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். முதல் வாரம் டீச்சர் என்று நினைத்து எழுந்து நின்றார்களாம். இரண்டாவது வாரத்திலிருந்து அக்கா என்றே கூப்பிட்டார்கள். மராத்தியிலும் அக்கா என்றால் அக்காதான், அதனால் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவரால் ஆங்கிலத்தில் கட்டுரை எழுத முடியவில்லை. பிள்ளைகள் எழுதிக் காட்டினார்கள். பிள்ளைகளுக்குக் காலையில் வயிறு காலி. அக்கா எலுமிச்சம்பழச் சாதம் கொண்டுபோனார். இப்படியே ஐந்து செமஸ்டர் ஓடியது.

மூன்றாம் வருடத்தின் நடுவில்தான் வந்தது வினை. நான்காம் வருடத்திலும் இரண்டு வழி உண்டாம். பாடம் மட்டும் படித்து ஹானர்ஸ் வாங்கலாம், அல்லது சொந்தமாக ஓர் ஆராய்ச்சி செய்து ஹானர்ஸ் வாங்கலாம். அக்காவின் வகுப்பு ஆசிரியை, அக்காவைவிடப் பத்து வயது சின்னவர், "நீங்கள் ஆராய்ச்சிதான் செய்ய வேண்டும்" என்று சொல்லிவிட்டார். அதோடு அக்காவுக்குச் சிவாஜிநகர் மறந்து போனது. ஆனால் ஆராய்ச்சிக்குப் போக ஆறு செமஸ்டரின் சராசரி பத்துக்கு ஏழரை இருக்க வேண்டும். அக்காவுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தது.

இதெல்லாம் இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு சாயங்காலம் அக்கா போன் செய்தார். கடையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குரல் நடுங்கியது.

"மேடம் கணக்குப் போட்டுப் பாத்தாங்கட்டி. எல்லாம் ஏழரைலதான் நிக்குதுன்னு சொல்லிட்டாங்க."

கிரைண்டரை நிறுத்தினேன். "ஏழரையா? எப்பம் வரைக்கும்?"

"இன்னும் ஆறு மாசம். அப்புறம் தெரிஞ்சிரும். உடம்ப வருத்திக்கிட்டுத்தான் ஆகணும்."

"அத்தான் கிட்டச் சொல்லிட்டியா?"

"அவுகளுக்கு இதெல்லாம் எங்க புரியப் போகுது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஏழரை என்றால் நமக்கு என்ன தோன்றும்? நீங்களே சொல்லுங்கள். அந்த மேடத்தை ஜோசியம் பார்க்கிற அம்மா என்றே எடுத்துக்கொண்டேன். நல்ல காலம் பிறந்து இவள் இப்போதுதான் நிமிர்ந்தாள், அதற்குள் சனி பிடித்துவிட்டதே என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம். பயந்துவிடுவாரே என்று அக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமையே எங்கள் தெருமுனையில் இருக்கும் சனி கோயிலுக்குப் போனேன். எண்ணெய் ஊற்றினேன், எருக்கிலை மாலை போட்டேன். பதினோரு சனிக்கிழமை வேண்டிக்கொண்டு, பதினொன்று முடிந்தும் நிறுத்தாமல் ஊற்றினேன். வேண்டுதல் ஒரே ஒரு வரிதான். என் அக்காவுக்கு ஏழரை வரக் கூடாது.

ஆறாவது செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று அக்கா கல்லூரியிலிருந்து நேரே என் கடைக்கு வந்தார். முகம் செத்துக் கிடந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏழரை வரலட்டி. கிட்டத்துல வந்து போயிட்டு."

நான் கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டு அவரைக் கட்டிப்பிடித்தேன். டப்பாவிலிருந்து வெல்லத்தை எடுத்து அவர் வாயில் போட்டேன். "போயிட்டா? எனக்குத் தெரியும். நான் இத்தன சனிக்கிழமையும் ஊத்துன எண்ணெய் வீண் போகுமா?"

அக்கா வெல்லத்தை மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. "என்னட்டி சொல்லுத?" என்றார்.

சொன்னேன். எருக்கிலை முதற்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெல்லத்தை ஒருவழியாக விழுங்கினார். பிறகு மார்க் ஷீட்டை எடுத்து விரித்து, ஏழு புள்ளி நாலு ஆறு என்று விரல் வைத்துக் காட்டினார். எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் பூமி பிளந்து என்னை வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. அக்கா அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மாவு வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். "பாவி, மத்தவங்க தங்கச்சியெல்லாம் வேண்டுனா ஒண்ணும் நடக்காது. நீ வேண்டுனா மட்டும் நடக்கும்" என்றார். சிரித்து முடித்துவிட்டு அழுதார். முப்பது வருடத்துக்கு முன்னால் பாரத்தைப் பீரோவுக்குள் வைத்தபோது அழாதவர், அன்று என் கடையில் அழுதார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போனேன். பூசாரி மராத்திக்காரர், என்னை நன்றாகத் தெரிந்தவர். இந்தத் தடவை என்ன வேண்டுதல் என்று கேட்டார். அவர்கள் ஊரிலும் ஏழரைக்குப் பயம் உண்டு, சாடேசாதீ என்பார்கள். என் அக்காவுக்கு சாடேசாதீ வேண்டும் என்று சொன்னேன்.

"சாடேசாதீ ஹவீ?" என்று எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். "சக்ளே நகோ ம்ஹணதாத, தாயீ." எல்லோரும் வேண்டாம் என்றுதானே கேட்பார்கள் என்கிறார். நான் மார்க் ஷீட்டை விளக்கிச் சொன்னேன். அவருடைய மகளும் கல்லூரியில் படிக்கிறாளாம், சட்டென்று பிடித்துக்கொண்டார். தானும் ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்து ஊற்றினார்.

இதற்கிடையில் ஆசிரியை அக்காவின் மார்க்கைப் பாடம் பாடமாகப் பார்த்திருக்கிறார். ஒரு பாடத்தில் அக்கா வகுப்பில் பேசிக் காட்டியதற்கான மார்க் ஏறவே இல்லை. அலுவலகக்காரர், அன்றைக்கு "பிள்ளைக்கா" என்று கேட்டாரே அவரேதான், பழைய தாள்களைப் புரட்டி எடுத்துக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்துத் திருத்திய மார்க் வந்தது. ஏழு புள்ளி ஐந்து மூன்று. போனில் கேட்டதும் நான் கடையில் நின்றுகொண்டு, "எங்க அக்காவுக்கு ஏழரை வந்துட்டு" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். மாவு வாங்க நின்ற ஒரு சென்னைக்கார அம்மா என் கையைப் பிடித்து, "கவலப்படாதீங்க, திருநள்ளாறு போய்ட்டு வாங்க" என்றார். அவருக்கு அன்று ஒரு கிலோ மாவு சும்மா கொடுத்தேன்.

நான்காம் வருடம் அக்கா எடுத்துக்கொண்டது என்ன என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், அவருடைய போனில் உங்கள் குரல்தான் இருக்கிறது. புனேத் தமிழ் வீடுகளில் நாம் பேசும் பேச்சுதான் ஆராய்ச்சி. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தவர்களைக்கூட விடவில்லை. "இத உங்க வீட்டுல எப்படிச் சொல்லுவிய?" என்று கேட்டுக் கேட்டு எழுதினார். பாஜி வாங்கப் போகிறேன் என்று யார் சொல்கிறார்கள், காய் வாங்க என்று யார் சொல்கிறார்கள், பேரப்பிள்ளைகள் இரண்டையும் விட்டுவிட்டு என்ன சொல்கிறார்கள் என்று வீடு வீடாக ஏறினார். நாம் கொச்சை என்று வெட்கப்பட்டதையெல்லாம் அவர் பொன்னைப்போல் பொறுக்கி வைத்தார். இவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை.

ஏழாவது செமஸ்டர் நடந்துகொண்டிருக்கும்போது வயிற்றுவலி என்று டாக்டரிடம் போனோம். வலியின் பெயரை இங்கே எழுத மாட்டேன், அதற்கு இந்த மலரில் இடமில்லை. அத்தான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, "டிகிரிதான் கையில வந்துட்டே. சிவாஜிநகர்லயே இறங்கிரு" என்றார். மனசு கேட்காமல்தான் சொன்னார்.

"ஏங்க, வண்டி சிவாஜிநகரத் தாண்டிட்டு. ஓடுத வண்டில இருந்து குதிக்கச் சொல்லுதியளா?" என்றார் அக்கா.

ஏழாவது செமஸ்டர் பரீட்சையை முழுதாக எழுதினார். எட்டாவதின் நடுவில், அதுவரை செய்த ஆராய்ச்சியை வகுப்பில் விளக்க வேண்டும். மகன் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினான். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன், என் வாழ்நாளில் நான் நுழைந்த ஒரே கல்லூரி வகுப்பு அதுதான். அக்கா இருபது நிமிடம் பேசினார், ஆங்கிலத்தில், இடையிடையே மராத்தியில். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிய தட்டில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் இருந்தார். கடைசிக்கு முந்தின நாள் காலையில் நான் பக்கத்தில் இருந்தேன். விரல் விட்டு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன்.

"ஏழு செமஸ்டர் முடிச்சாச்சு. எட்டுல பாதி." என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏழரைட்டி. நீ கொஞ்சம் ஜாஸ்தியா வேண்டிட்ட."

அக்காவின் சிகிச்சையில் கூட நின்ற டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் நன்றி. தாளைத் தேடி எடுத்த அலுவலகக்காரருக்கும், மருத்துவமனைக்கே வந்து பாடம் சொன்ன ஆசிரியைக்கும், எண்ணெய் சேர்த்து ஊற்றிய பூசாரிக்கும் நன்றி. குரல் கொடுத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. ஒரு நாள்கூட "இந்த வயசுல எதுக்கு" என்று கேட்காத அத்தானுக்கு, நான் எழுதி முடிக்கக் கூடிய நன்றி எதுவும் இல்லை.

அக்காவின் வகுப்புப் பிள்ளைகள் அவருடைய குறிப்புகளையெல்லாம் தட்டெழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த மலரின் பின்பாதி அதுதான். ஒவ்வொரு சொல்லுக்கும் வெளியே என்ன பொருள், வீட்டில் என்ன பொருள், தகவல் தந்தவர் யார் என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறார். புரட்டிப் பாருங்கள், உங்கள் பெயர் இருக்கும். கடைசிச் சொல்லை அவர் மருத்துவமனையில் தன் கையால் எழுதினார். அதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஏழரை. வெளியே: விலகினால் நல்லது. எங்கள் வீட்டில்: வந்தால் நல்லது. தகவல் தந்தவர்: என் தங்கச்சி.