அக்காள் அவர்களும் என் மகளின் அல்ஜீப்ராவும்

சென்ற ஆண்டு இதே வாரத்தில் கர்த்தருக்குள் கண்மூடிய எங்கள் அக்காள் அவர்களை நினைத்துக் கூடியிருக்கும் உறவினர்களுக்கும் சிநேகிதர்களுக்கும், உடன்பிறந்தவள் என்கிற உரிமையில் இதை எழுதுகிறேன். என் மகள் எஸ்தர் தானே எழுதுவதாகக் கேட்டாள். பெரியம்மாவைப் பற்றி அவளுக்குத்தான் அதிகம் தெரியும் என்று உறவினர் சிலரும் சொன்னார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அக்காள் பிறந்தது தேவதானம். தாது வருஷப் பஞ்சத்தில் தகப்பனார் இறந்தபோது அவர்கள் சிறுமி, நான் கைக்குழந்தை. களையெடுக்கவும் கதிரறுக்கவும் அம்மாவோடு அக்காள் போனார்கள். நான் வளர்ந்ததும் பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்பட்டேன். வேதபுத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பதோடு அக்காள் படிப்பு நின்றது. நான் உபாத்தியாயினி ஆனேன். ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரம் செய்த அத்தானுக்கு அவர்கள் வாழ்க்கைப்பட்டார்கள். பிள்ளை இல்லை. அத்தானும் சீக்கிரமே காலமானார்.

என் மகள் விடுதியில் படித்துக்கொண்டிருந்தபோது விஷக்காய்ச்சலில் விழுந்தாள். தலைமுடியெல்லாம் கொட்டி, எலும்பும் தோலுமாக ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்குத் திரும்பினாள். இனி வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுதட்டும் என்று முடிவாயிற்று. தேறாவிட்டால் கலியாணத்தை முடித்துவிடுவது என்று உபதேசியாரான என் புருஷர் சொல்லியிருந்தார். மற்றப் பாடங்களெல்லாம் அவளுக்கு வந்தன. அல்ஜீப்ரா மட்டும் வரவில்லை.

அதை நானே சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பாடத்தில் பரிசு வாங்கியவள் நான். நான் வாய் திறந்ததும் அவள் போட்ட கணக்கை அழித்துவிடுவாள். "நேத்துதானே சொன்னேன்?" என்று கேட்டால் சிலேட்டில் கண்ணீர் விழும்.

அப்படிப்பட்ட ஒரு நாளில், அவளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அக்காள், முருங்கைக்கீரை ஆய்ந்தபடியே கேட்டார்கள்:

"ஏட்டி எஸ்தரு, அந்த எக்ஸுங்கிறது யாருட்டி? நேத்து மூணுன்னே, இன்னிக்கு எட்டுங்கிறே. அவனுக்கு ஒரு நெலை இல்லையா?"

காய்ச்சலுக்குப் பிறகு அன்றுதான் என் மகள் சிரித்தாள். "அவன் யாருன்னு தெரியாததாலதான் அந்தப் பேரு, பெரியம்மா. கண்டுபிடிக்கிற வரைக்கும் அப்படித்தான் கூப்பிடணும்."

"அப்பச் சரி. எனக்கும் சொல்லிக்குடு."

அன்று முதல் இருவரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அக்காளுக்கு எளிதில் எதுவும் விளங்காது. விளங்காததை விளங்கியதாகத் தலையாட்டவும் மாட்டார்கள். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் இருந்தால் உள்ளே இருக்கும் குறி ஏன் மாற வேண்டும் என்பதிலேயே நாட்கள் போயின.

"வெளங்கல. இன்னொரு மட்டம் சொல்லு" என்பார்கள்.

ஒரு நாள் என் மகள் சிலேட்டைக் கீழே வைத்தாள். "பானையில எட்டு ஆழாக்கு அரிசி இருக்கு பெரியம்மா. அஞ்சை எடுத்துட்டீய. சாப்பிட ஆள் கம்மின்னு அதுல ரெண்டைத் திரும்பப் போடுதீய. பானையில இருக்கது கூடுமா, குறையுமா?"

"போட்டா கூடத்தான செய்யும்."

"அதான். எடுக்கிறதுல குறைச்சா, பானையில கூடும். உள்ள இருக்க கழித்தல் வெளிய வந்தா…" என்று சொல்லிக்கொண்டே வந்தபோது, அது கூட்டலாகும் என்பது அவளுக்கே விளங்கிவிட்டது. பிறகு சிலேட்டை எடுத்து, அதுவரை தப்பாகவே போட்டுவந்த கணக்குகளை ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்கினாள்.

நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மகளுக்குப் பாடம் வந்ததே என்று சந்தோஷப்பட வேண்டிய தாய்க்கு வயிறு எரிந்தது. பரிசு வாங்கியவள் நான், பெற்றவள் நான். ஒன்றும் தெரியாத அக்காளிடம் அவள் வாய் ஓயாமல் பேசினாள். நான் உள்ளே போனால் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"உங்க வீடு பூட்டியே கெடக்கே அக்கா. எப்பப் போறீய?" என்று கேட்டுவிட்டேன்.

அக்காள் அன்றிரவே துணிமணிகளை மூட்டை கட்டினார்கள். மறுநாள் காலை ராஜபாளையம் வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள்.

அதன்பின் என் மகள் சிலேட்டைத் தொடவில்லை. நான் அழைத்தால் வந்து உட்காருவாள். நேரம் ஆனதும் எழுந்து போவாள். பரீட்சை நெருங்கியது. கடைசியில் நானே வண்டி பிடித்து ராஜபாளையம் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டே போனதற்கு அவசியம் இருக்கவில்லை.

"வந்துட்டியா? செத்த இரு, துணிய எடுத்துக்கிடுதேன். அந்தக் கடேசிக் கணக்கு பாதியில நிக்கி. என்னாச்சுன்னு தெரியாம எனக்கு ஒரு வேலையும் ஓடல" என்றார்கள்.

பரீட்சைக்குச் சாத்தூர் வரை மாட்டுவண்டியிலும் அங்கிருந்து ரயிலிலும் அவளைக் கூட்டிப்போனது அக்காள்தான். மகள் அப்படித்தான் கேட்டாள். தேறினாள், உபாத்தியாயினியும் ஆனாள். முதல் சம்பளத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே நிறத்தில் சேலை எடுத்துவந்தாள். அக்காளிடம்தான் முதலில் நீட்டினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் அக்காளுக்குக் கால் வீங்கி, மூச்சு முட்டத் தொடங்கியது. எங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம். மகள் லீவு போட்டு வந்தாள். அவள் கொடுத்தால் அக்காள் கஞ்சி குடித்தார்கள், வேடிக்கை பேசினார்கள். நான் கொடுத்தால் வேண்டாம் என்றார்கள். சாகும் தறுவாயிலுமா என்று எனக்கு ஆங்காரமாக வந்தது.

ஒரு மத்தியானம், ஏதோ காரணம் சொல்லி மகளைச் சபைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு அக்காள் என்னைக் கூப்பிட்டார்கள். கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்கள்.

"தாங்க முடியலட்டி. நெஞ்சுல கல்ல வச்ச மாதிரி இருக்கு. அந்தப் பிள்ள இருந்தா சிரிச்சிக்கிட்டே இருக்கணும். உங்கிட்டதான் நோவுதுன்னு சொல்லலாம். நீ என் கூடப் பிறந்தவ."

அவர்களை மடியில் சாய்த்துக்கொண்டேன். மகள் திரும்பி வந்தபோது, "செத்த நேரம் வெளிய இரு" என்றேன். "பெரியம்மா உங்ககிட்ட என்ன சொன்னாவ?" என்று பிறகு கேட்டாள். நான் சொல்லவில்லை. அவள் முகம் போன போக்கு எனக்குப் புதிதல்ல; அடுப்படியில் நின்று கேட்ட அன்று என் முகமும் அப்படித்தான் போயிருக்கும்.

இரவு பகல் பாராமல் வந்து பார்த்த வைத்தியருக்கும், கேட்காமலே வண்டி அனுப்பிய கடைக்காரப் பாய்க்கும், தேவதானத்திலிருந்து வந்து தோள் கொடுத்த சொந்தக்காரர்களுக்கும், கல்லறை வரை பாடிவந்த சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைசி வரை பெரியம்மாவைச் சிரிக்கவைத்த என் மகளுக்கு என் நன்றி.

எஸ்தர், அன்று நீ கேட்டதற்குப் பதில் மேலே எழுதியிருக்கிறேன். இனி அது உனக்கும் சொந்தம்.