இசைத்தட்டுப் பத்தியில் அண்ணனின் பாதி

தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லைனின் வாசகசாலைச் சுவரில் ஞாயிறுதோறும் ஒட்டப்பட்ட கையெழுத்து இதழில், மக்கள் அதிகம் நின்று படித்தது புதிய ஆங்கில இசைத்தட்டுகளைப் பற்றிய பத்தியைத்தான். அதன் மேல்பாதி என்னுடையது. பாடலின் சொற்கள் யாருக்காகப் பேசுகின்றன, யாரை மறந்துவிடுகின்றன என்று அதில் ஆராய்வேன். கிதாரையும் டிரம்மையும் பற்றி அண்ணன் சொல்வதை அவர் பேச்சிலேயே கீழ்ப்பாதியில் எழுதுவேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பட்டம் பெற்று அருகே ஊரிகத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். அண்ணன் சுரங்கத்தில் டிரில் பிடிப்பவர். மீசை அரும்பிய வயதிலிருந்து பாறையில் துளை போடுபவர். டிசம்பர் மாத நடன விருந்துகளில் ஆங்கிலோ இந்திய நண்பர்களின் குழுவில் கிதார் வாசிப்பார். அவர்களில் ஒருவர் பெங்களூரிலிருந்து வாங்கிவரும் புதுத் தட்டுகள் சில நாட்கள் எங்கள் வீட்டில் சுழன்றுவிட்டுத் திரும்பிப் போகும்.

“மேல் பாதி வாத்தியாருது, கீழ் பாதி மனுசனுது” என்று என்னைச் சீண்டுவார் அண்ணனின் துணையாள். சுரங்கத்தில் அண்ணனுடன் ஒரே இடத்தில் வேலை செய்பவர், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர். அண்ணன் அவரை மச்சான் என்றே அழைப்பார். ஞாயிறன்று பத்தியை முதலில் படிப்பவரும் அவரே.

ஒருமுறை, தானே எழுதித் தானே பாடும் ஒருவரின் தட்டு வந்தது. ஒரு குரல், ஒரு கிதார், மூடப்பட்ட ஆலையைவிட்டு வெளியேறும் மனிதர்கள். இவர் துயரத்தை மிகவும் அழகாக்கிவிடுகிறார்; அழகான துயரத்தின் முன்னால் யாரும் எதையும் மாற்ற முற்படுவதில்லை என்று எழுதினேன். அண்ணனோ, “இன்னாடா இவன், பாதி நேரம் வாயத் தொறந்துக்கினு சும்மா கீறான்” என்றார். அவர் சும்மா என்று சொன்ன இடங்களில் கிதாரின் உச்சத்தாயித் தந்திகள் மெல்லிதாக ஒலித்துக்கொண்டிருந்தன. கேலி என்றே நினைத்து அப்படியே எழுதினேன். வாசகசாலையில் நன்றாகச் சிரித்தார்கள்.

அடுத்து வந்தது இரைச்சலான ஒரு குழுவின் தட்டு. தொடக்கம் முதல் முடிவு வரை டிரம்மோடு சேர்ந்த பித்தளைச் சிம்பல் சீறிக்கொண்டே இருந்தது. சொற்களை விழுங்கிவிடுகிறது என்பதே என் குறை. அண்ணன் கேட்டார்: “டிரம்மு அடிக்கிறவன் சிம்பல வூட்லயே மறந்துட்டு வந்துட்டானா?”

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அண்ணியின் கை நின்றது. அண்ணன் வெளியே போனதும் என்னிடம் சொன்னார்: “நான் பேசறது கேக்குது தம்பி. கொழந்த சிணுங்கறது கேக்கல. சைக்கிள் பெல்லு அடிச்சாலும் ஒதுங்க மாட்டேங்கறாரு.”

விளைவுகளை வரிசைப்படுத்திப் பார்த்தேன். மருத்துவர் அறிந்தால் அண்ணனைச் சுரங்கத்திலிருந்து எடுத்து மேலே வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். ஊதியம் குறையும், வீட்டில் குழந்தை இருக்கிறது. அறியாவிட்டால், கீழே. கூரைக்கல் பெயர்வதற்கு முன், சூடான சட்டியில் உப்பு பொரிவதைப் போல மெல்லிய ஓசை எழும். துணையாள் குனிந்து கல் அள்ளும்போது கூரைக்குக் காது கொடுத்து நிற்பது தன் வேலை என்றும், அதைக் கேட்டவுடன் அவரை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்றும் அண்ணனே எனக்குச் சொல்லியிருக்கிறார். இரண்டு பக்கங்களையும் எடை போட முடிந்தது. வேறு யாருடைய குடும்பத்தைப் பற்றியோ யோசிப்பது போல இருந்தது.

அன்று மாலை அந்தத் தனிப் பாடகரின் தட்டை மறுபடியும் வைத்தேன். குரல் ஓய்ந்து கிதார் மட்டும் மெல்ல ஒலித்த இடத்தில் கேட்டேன்:

“அண்ணா, இப்ப பாட்டு ஓடுதா, நின்னுடுச்சா?”

சுழலும் தட்டைப் பார்த்தார். “ஓடுது.”

“தட்டப் பாக்காம சொல்லு.”

“பாக்காம தெரியாதுடா.”

தட்டு முடிந்ததும் அண்ணன் ஊசியைத் தூக்கி வைத்தார். பிறகு, “எழுதிக்கோ” என்றார். “பாடறவன் மேல தப்பில்ல, என் காது போயிடுச்சி. அப்டியே எழுது. மச்சான் மொதல்ல வந்து படிப்பான் இல்ல? அவன் மூஞ்சியப் பாத்து என்னால சொல்ல முடியாது.”

எழுதினேன்.

ஞாயிறன்று துணையாள் உரக்கப் படித்துவிட்டுச் சுவரில் தட்டிச் சிரித்தார். “காது போயிடுச்சாமே! அந்தாளு பாட்டக் கேட்டா யாருக்குத்தான் போவாது!” சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பின்னால் நின்ற அண்ணனும் சற்று நேரம் சிரித்தார். பிறகு முன்னால் வந்தார்.

“மச்சான், அது கிண்டல் இல்ல. நெஜம்.”

துணையாள் அந்த வரிகளை இன்னொரு முறை படித்தார்.

“கல்லு பொரியற சத்தம் கேக்குமா?”

அண்ணன் தலையை அசைத்தார், இல்லை என்று.

“அப்ப இத்தினி நாளு நான் யாரு காத நம்பி நின்னேன்?”

நான் பசைக் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றேன். பசை காய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை இருவரும் சேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அண்ணனை மேலே, சுரங்கத்தில் இறங்குபவர்களுக்கு விளக்குகள் கொடுக்கும் லேம்ப் ரூமுக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் துணையாளின் விளக்கை அண்ணனே கொடுத்தார். அப்போது ஏதாவது பேசிக்கொள்வார்களா என்று நான் கேட்டதில்லை. டிசம்பரில் வேறொருவர் கிதார் வாசித்தார்.

அடுத்த புதுத் தட்டு வந்தபோது அண்ணன் வழக்கமான இடத்திலேயே உட்கார்ந்து, இரண்டு பக்கங்களும் முடியும்வரை கேட்டார்.

“இன்னா எழுதலாம்ணா?”

“டிரம்மு மட்டும் கேக்குது. நல்லாத்தான் அடிக்கிறான். அத எழுது.”

அந்த வாரம் கீழ்ப்பாதியில் அவ்வளவுதான் இருந்தது. துணையாள் வந்தார். என் பாதியை விட்டுவிட்டு அதைப் படித்தார். சிரிக்காமல், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போனார்.